பழைய ரோடு சைக்கிள் வாங்கியிருக்கிறீர்களா? எந்தப் பாகம் எந்த வருடத்தது என்று கண்டுபிடிக்கும் வழி

பிரிட்டனுக்கு வந்த பிறகு நான் வாங்கிய முதல் பழைய ரோடு சைக்கிள் ஒரு பிரெஞ்சு சைக்கிள். எண்பது பவுண்டு கொடுத்தேன், இரண்டே வாரத்தில் ஃப்ரேம் வீணாகிவிட்டது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பி.பி. கப்பை (பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கைகளை இணைக்கும் அச்சைத் தாங்கும் பகுதியின் மூடி) கழற்றக் கொடுத்திருந்தேன். இந்த ஊரில் ஓடும் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் மரைதான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள், ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி வலப்பக்கக் கப்பைத் தவறான திசையில் முறுக்க முறுக்க அது இறுகிக்கொண்டே போனது, கடைசியில் உளியை வைத்துத் தட்டியதில் உள்ளே இருந்த மரையும் போய்விட்டது. அது எதிர்த்திசையில் கழலும் பிரெஞ்சு மரை என்று எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு வரி சொல்லித் தடுத்திருப்பேன்.

இரண்டாவதாக வாங்கியது ஒரு ராலே, பிரிட்டிஷ் கம்பெனி சைக்கிள். "1974 மாடல், எல்லாம் ஒரிஜினல்" என்று விற்றவர் சொன்னார், நூற்றுப்பத்து பவுண்டு. இந்த முறை எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் அடையாளம் கண்டு எழுதி வைத்துக்கொண்டேன். அது 1974 இல்லை, 1984. எப்படிக் கண்டுபிடித்தேன், எங்கெல்லாம் தடுக்கி விழுந்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பணம் கொடுப்பதற்கு முன்: எண்ணும் ரசீதும்

சைக்கிளுக்கு ஆர்.சி. புக் எல்லாம் கிடையாது. ஃப்ரேமில் அடித்திருக்கும் எண்தான் அதன் ஒரே அடையாளம். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி பி.பி. ஷெல்லின் (பி.பி. உட்காரும் ஃப்ரேம் குழாய்) அடியில் பாருங்கள், அங்கே இல்லையென்றால் சீட் குழாயின் மேல்பகுதியிலோ பின்சக்கரம் மாட்டும் காடியின் பக்கத்திலோ இருக்கும். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிரிட்டனில் இருப்பவர்கள் அந்த எண்ணை பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டு, திருடுபோனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை, விற்பவர் எதிரில் நிற்கும்போதே செய்துவிடலாம். அப்புறம் ஒரு தாளில் தேதி, விலை, ஃப்ரேம் எண், விற்றவர் பெயர், கையெழுத்து. பழைய சாமானுக்கு எதற்கு ரசீது என்று கூச்சப்பட வேண்டாம். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, ஹேண்டில் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். லேசான மேடோ, பெயின்ட் குறுக்காக வெடித்த கோடோ தட்டுப்பட்டால் அந்த சைக்கிள் எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அப்படி இருந்தால் பாகங்களுக்காக மட்டும் வாங்கலாம், ஓட்டுவதற்கு வேண்டாம்.

2. ஸ்பானரைத் தொடுவதற்கு முன்

முதல் நாள் படம் மட்டும் எடுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம், பிரேக் இரண்டும் அருகில், கியர் லிவர், டிரெய்லியர் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) முன்பின், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஸ்டெம் (ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைப்பது), சீட் போஸ்ட் எல்லாம். ஒரு மணி நேரம் ஆகும். கேபிள் எந்த வழியாகப் போனது, வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கெல்லாம் பின்னால் இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

கருவிகளுக்கு எனக்கு ஆன செலவு: வெர்னியர் காலிப்பர் பதினைந்து பவுண்டு, கிராங்க் புல்லர் (கிராங்க் என்ற பெடல் கையைக் கழற்றுவது) பன்னிரண்டு, ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) கழற்றும் கருவி எட்டு, துருவை இளக்கும் எண்ணெய் ஆறு. வெர்னியரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசங்களைப் பற்றியது, அளவுகோலை வைத்து அதைப் பார்க்க முடியாது.

3. அழுக்குக்கு அடியில் இருக்கும் எழுத்து

பாகம் எப்போது தயாரானது என்று சொல்லும் தேதிக் குறியீடு பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். கிராங்கின் உட்புறம், பிரேக் கைகளின் பின்பக்கம், பின் டிரெய்லியரின் சக்கரத்தைப் பார்த்திருக்கும் பக்கம். நாற்பது வருட கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போயிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

சுத்தம் செய்த பிறகும் தெரியவில்லை என்றால் ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து மேலே வரும். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள், கல்வெட்டுக்குப் படி எடுப்பதுபோல. என் கிராங்கின் உட்புறத்தில் வெறும் கீறல் என்று நான் ஒதுக்கியிருந்த இடத்தில் இப்படித் தேய்த்தபோதுதான் 'எச்', 'எல்' என்று இரண்டு எழுத்து தாளில் வந்தது.

4. ஜப்பான் பாகங்கள்: இரண்டெழுத்துக் கணக்கு

உங்கள் சைக்கிளில் ஷிமானோ பாகங்கள் இருந்தால் வேலை சுலபம். முதல் எழுத்து வருடம், இரண்டாவது எழுத்து மாதம். 'ஏ' என்றால் 1976, 'பி' 1977, 'சி' 1978 என்று ஆங்கில எழுத்து வரிசையில் போய்க்கொண்டே இருக்கும், 'இசட்' 2001, மறுபடி 'ஏ' 2002. மாதமும் அதே மாதிரி, 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ஆக என் கிராங்கில் இருந்த 'எச் எல்' என்பது 1983 டிசம்பர்.

இன்னொரு ஜப்பான் கம்பெனியான சன்டூரும் இதே முறைதான், முதல் எழுத்து வருடம், அடுத்தது மாதம். ஆனால் எண்ணிக்கை தொடங்கும் இடம் வேறு. சன்டூரில் 'எக்ஸ்' 1981, 'ஒய்' 1982, 'இசட்' 1983, 'ஏ' 1984. ஷிமானோ பட்டியலை வைத்துக்கொண்டு சன்டூர் பாகத்தைப் படித்தால் எட்டு, பதினெட்டு வருடம் என்று தள்ளிப்போகும். எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் கம்பெனிப் பெயரைப் படியுங்கள்.

இதில் நான் மாட்டிக்கொண்ட ஒரு பொறியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷிமானோ மாடல் எண்ணுக்கு முன்னாலும் இரண்டு எழுத்து வரும்: கிராங்குக்கு 'எஃப் சி', பின் டிரெய்லியருக்கு 'ஆர் டி', முன்னதற்கு 'எஃப் டி', பிரேக்குக்கு 'பி ஆர்'. நான் 'எஃப் சி' என்று பார்த்ததும் 1981 மார்ச் என்று எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் மற்ற பாகங்களோடு அது ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். எழுத்துக்குப் பின்னால் கோடு போட்டு நான்கு இலக்க எண் வந்தால் அது மாடல் பெயர். தேதி தனியாக, சின்னதாக, இரண்டே எழுத்தாக நிற்கும்.

எழுத்து முழுக்கத் தேய்ந்து போயிருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு. கியர் லிவரில் கிளிக் கிளிக் என்று நிற்கும் ஷிமானோவின் எஸ்.ஐ.எஸ். முறை 1984இல் அவர்களுடைய டியூரா ஏஸ் வரிசைப் பாகங்களில்தான் முதலில் வந்தது. அந்த எழுத்து பொறித்த லிவரை மாட்டிய சைக்கிளை யாராவது 1970களின் ஒரிஜினல் என்று சொன்னால், லிவரை மாற்றியிருக்கிறார்கள் அல்லது வருடம் தப்பு. சாய்ந்த இணைகர (ஸ்லான்ட் பேரலலோகிராம்) அமைப்பு கொண்ட பின் டிரெய்லியரும் அப்படித்தான். அது சன்டூரின் காப்புரிமை, 1984இல் காலாவதியானது, அதன் பிறகுதான் மற்ற கம்பெனிகள் தாராளமாக அந்த வடிவத்துக்கு மாறின.

5. காம்பக்னோலோ, ஸ்டர்மி ஆர்ச்சர்

இத்தாலிய கம்பெனியான காம்பக்னோலோவின் நுவோவோ ரெக்கார்ட் டிரெய்லியர் இருந்தால் அதன் மேல் உடம்பில் 'பேட்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 78 என்றால் 1978. பழைய ரெக்கார்ட் ஹப்பின் லாக் நட்டிலும் 'காம்' என்ற எழுத்தோடு வருடம் இருக்கும், ஆனால் நட்டுதானே, யாரும் எப்போதும் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிரிட்டனின் ஸ்டர்மி ஆர்ச்சர் செய்த, கியர் உள்ளேயே இருக்கும் மூன்று கியர் ஹப் வந்தால் உங்களுக்கு யோகம். பின்சக்கர ஹப்பின் மேலேயே வருடமும் மாதமும் எண்ணாக அடித்திருக்கும், பட்டியலே தேவையில்லை. ஆனால் அது சக்கரத்தின் வயது, சைக்கிளின் வயது இல்லை.

6. ஃப்ரேம் எண்ணைப் படிப்பது

ராலே 1973 முதல் பின்பற்றிய முறையில் முதல் எழுத்து தொழிற்சாலை ('என்' என்றால் நாட்டிங்ஹாம், 'டபிள்யூ' என்றால் வர்க்சாப்), இரண்டாவது எழுத்து வருடத்தின் எந்தப் பகுதி என்பது, அதை அடுத்து வரும் இலக்கம் வருடத்தின் கடைசி எண். என்னுடையது 'என்' என்று தொடங்கி, இலக்கம் 4. விற்றவர் 1974 என்றது இதை வைத்துத்தான், அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கடைசி எண் மட்டும் இருப்பதால் பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே இலக்கம் திரும்ப வரும். 1974ஆகவும் இருக்கலாம், 1984ஆகவும் இருக்கலாம். இதை முடிவு செய்ய பாகங்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

குழாயில் ஒட்டியிருக்கும் ரெனால்ட்ஸ், கொலம்பஸ் (ஃப்ரேம் குழாய் செய்யும் கம்பெனிகள்) ஸ்டிக்கர்களும் உதவும். ரெனால்ட்ஸின் 531 என்ற குழாய் வகை 1935இலிருந்தே இருப்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, 753 என்றால் 1976க்கு முன்னால் போக முடியாது. ஆனால் புது ஸ்டிக்கர்கள் இப்போது தாராளமாக விற்கின்றன. பெயின்ட் மறுபடி அடித்த ஃப்ரேமில் பளபளவென்று ஸ்டிக்கர் இருந்தால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

7. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

என் தாளில் இருந்தது இது. கிராங்க் 1983 டிசம்பர். முன் பிரேக் 'எச் ஜே', 1983 அக்டோபர். பின் பிரேக்கும் அதே. பின் டிரெய்லியர் 'எச் கே', 1983 நவம்பர். முன் டிரெய்லியர் மட்டும் 'என் சி', 1989 மார்ச்.

நான்கு பாகங்கள் மூன்று மாதத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. பாகம் ஜப்பானில் தயாராகி, கப்பலில் வந்து, தொழிற்சாலையில் மாட்டப்படச் சில மாதம் ஆகும். அப்படியானால் சைக்கிள் 1984இன் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும், ஃப்ரேம் எண்ணில் உள்ள 4 என்ற இலக்கமும் அதோடு பொருந்துகிறது. முன் டிரெய்லியர் பின்னால் யாரோ மாற்றியது.

தனியாக ஒரு பாகத்தின் தேதியை வைத்து சைக்கிளின் வயதை முடிவு செய்யாதீர்கள். கூட்டமாக எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கூட்டத்தைவிடப் புதியது மாற்றிய பாகம். கூட்டத்தைவிட ஒன்றிரண்டு வருடம் பழையது இருந்தால் கடையிலோ தொழிற்சாலையிலோ தேங்கிய சரக்காக இருக்கலாம், அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. எல்லாப் பாகங்களும் சிதறி நின்றால் அது பல சைக்கிள்களிலிருந்து சேர்த்தது. ஓட்டுவதற்கு அதனால் குறை ஒன்றும் இல்லை, "ஒரிஜினல்" என்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

8. மரையும் அளவும்: காசு போவது இங்கேதான்

வருடம் தப்பானால் பெருமை குறையும், அவ்வளவுதான். மரை தப்பானால் ஃப்ரேம் போய்விடும். அதனால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

பி.பி. ஷெல்லின் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். 70 மில்லிமீட்டர் இருந்தால் அநேகமாக இத்தாலி மரை. 68 இருந்தால் இங்கிலீஷாகவும் இருக்கலாம், பிரெஞ்சாகவும் இருக்கலாம். கப்பின் முகத்தில் பெரும்பாலும் அடித்திருப்பார்கள்: 1.37 x 24 இங்கிலீஷ், 36 x 24 இத்தாலி, 35 x 1 பிரெஞ்சு. எழுத்து இல்லாவிட்டால் இடப்பக்கக் கப்பைக் கழற்றி வெர்னியரில் பிடியுங்கள். இங்கிலீஷ் 34.8 மில்லிமீட்டர் பக்கம், பிரெஞ்சு 35. அந்த 0.2தான் என் முதல் சைக்கிளைக் கொன்றது.

கழற்றும் திசை: இடப்பக்கக் கப் எல்லா வகையிலும் வழக்கம்போல, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழலும். வலப்பக்கம்தான் சிக்கல். இங்கிலீஷில் அது இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். இத்தாலியிலும் பிரெஞ்சிலும் வலது மரை, எதிர்த்திசை. எந்த மரை என்று உறுதியாகத் தெரியும் வரை வலப்பக்கக் கப்பை யாரையும் தொடவிடாதீர்கள், கடைக்குக் கொடுத்தால் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ராலேக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: நாட்டிங்ஹாமில் செய்த சாதாரண சைக்கிள்கள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட ராலேயின் சொந்த அளவு இருக்கும், ஷெல்லும் 71 அல்லது 76 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் புது பி.பி. அதில் ஏறாது.

பின்சக்கரத்துக்கான இடைவெளி, இரண்டு காடிகளுக்கு நடுவில், 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து கியர் காலத்து ஃப்ரேம், 126 என்றால் ஆறு அல்லது ஏழு, 130 என்றால் எட்டுக்குப் பிறகு. என்னுடையது 126. 1974ஆக இருந்திருந்தால் 120 இருந்திருக்கும் என்பதும் எனக்கு ஒரு துணைச் சாட்சி.

சக்கரத்தில் 27 அங்குலமும் 700சியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். டயரின் பக்கத்தில் 630 என்று இருந்தால் 27 அங்குலம், 622 என்றால் 700சி. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27இலிருந்து 700சிக்கு மாறினால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், புது சக்கரம் வாங்குவதற்கு முன்னால் கட்டை அவ்வளவு இறங்குமா என்று பாருங்கள்.

ஸ்டெம் 22.2 மில்லிமீட்டர் பொது அளவு, பழைய பிரெஞ்சு 22.0. சீட் போஸ்ட்டின் அளவு அதன் அடிப்பகுதியில் அடித்திருக்கும், 27.2, 26.8, 26.4 என்று 0.2 வித்தியாசத்தில் பல உண்டு. கிட்டத்தட்ட என்று வாங்கினால் சீட் இறங்கிக்கொண்டே இருக்கும். பெடல் மரையும் பழைய பிரெஞ்சு கிராங்கில் வேறு, 14 x 1.25. சாதாரணப் பெடலை முறுக்கி ஏற்றினால் கிராங்க் கெடும்.

9. கழற்றும்போது

இரும்பும் அலுமினியமும் சேரும் இடம் எதுவானாலும் (சீட் போஸ்ட், ஸ்டெம்) முதலில் இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். காலையும் மாலையும் ஒரு சொட்டு. அவசரப்பட்டால் ஃப்ரேம் வளையும்.

கிராங்க் புல்லரைப் பற்றி இரண்டு விஷயம். போல்ட்டைக் கழற்றியதும் உள்ளே ஒரு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புல்லரை மாட்டினால் இரண்டு மரை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டாவது, சாதாரண புல்லர் 22 மில்லிமீட்டர், பிரெஞ்சு கம்பெனிகளான ஸ்ட்ராங்லைட்டின் பழைய கிராங்குக்கு 23.35, டி.ஏ.வுக்கு 23. கையால் நான்கைந்து சுற்று இறுக்கமாக ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஃப்ரீவீல் கழற்றும் கருவி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஃப்ரீவீலின் நடுவில் இரண்டு வெட்டா, நான்கு வெட்டா, பல் பல்லாக இருக்கிறதா என்று படமெடுத்துக் கடையில் காட்டி வாங்குங்கள். இரண்டு வெட்டுக் கருவி வழுக்கினால் வெட்டு உடைந்துவிடும், ஆக்சில் நட்டைப் போட்டு கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும், இளகியதும் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி.

10. பாகம் வாங்கும் வரிசை

எனக்கு மொத்தம் மூன்று வாரம் ஆனது. முதல் வார இறுதியில் படமும் சுத்தமும், நடுவில் எண்ணெய் ஊறியது, இரண்டாவது வார இறுதியில் கழற்றி அளந்தேன், அதன் பிறகுதான் ஆர்டர் போட்டேன். செயின், கேபிள், பிரேக் கட்டை, டயர், பேரிங் குண்டு ஆகியவை எப்படியும் மாற்ற வேண்டியவை, எனக்கு எழுபது பவுண்டு ஆனது. தேடிப் பிடிக்க வேண்டிய பழைய பாகத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், விற்பவரிடம் தேதிக் குறியீடு தெரியும்படி பின்பக்கப் படம் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்புகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

கழற்றிய பழைய பாகங்களை எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, குறியீடு, அளவு, எந்த ஃப்ரேமிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதிப் போடுங்கள். என் 1989 முன் டிரெய்லியர் அப்படி ஒரு பையில் இருக்கிறது, அதற்குப் பதிலாக 1983 குறியீடு உள்ள ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.